ஓசையின்மைக்கு ஓர் ஓசைச்சொல்

இன்று பஸ்ஸில் என் பக்கத்தில் கீழ்வீட்டுச் செல்வி. முதியோரைப் பராமரிக்கும் வேலைக்காக ஜப்பானிய மொழி படிக்கிறாள். முன் இருக்கையில் அவளுடன் படிக்கும் கோ மின்.

"சரசரன்னா அவங்க மொழியில ஸராஸரா, ஆன்ட்டி. தள்ளாடி நடந்தா யோரோயோரோ."

"ஆன்ட்டி நடை மாதிரி," என்றான் கோ மின்.

"நான் நிமிர்ந்து நடக்கிறவள். நீ முன்னால் பார்த்து உட்கார்," என்றேன். சிரித்தான்.

மார்க்கெட் அருகே பஸ் நின்றது. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற நான்கு பேர் ஏறி, இளைஞர்களின் அடையாள அட்டைகளை மட்டும் பார்த்தார்கள். கோ மின்னை இறங்கச் சொன்னார்கள். புத்தகத்தைச் செல்வியின் மடியில் வைத்துவிட்டு எழுந்தான்.

"இவனை எங்கே அழைத்துப்போகிறீர்கள்?" என்று பர்மியத்தில் கேட்டேன்.

"உட்காருங்க, அமே," என்றார் ஒருவர், தாயை அழைக்கும் சொல்லால், மிக மரியாதையாக.

பஸ் கிளம்பியது. ஒருவர்கூட இருமவில்லை.

"இதுக்கும் ஜப்பான்காரங்ககிட்ட ஒரு சொல் இருக்கு, ஆன்ட்டி," என்றாள் செல்வி. "சத்தமே இல்லாததோட சத்தம். ஷீன்."

அவன் அம்மாவிடம் நாங்கள்தான் போய்ச் சொன்னோம். இதுவரை தகவல் இல்லை.

எந்த பஸ், எந்த நிறுத்தம் என்று யாரும் கேட்க வேண்டாம். தமிழில் அந்த 'ஷீன்' என்ன என்று மட்டும் எழுதுங்கள். 'கப்சிப்' வேண்டாம், அது குழந்தைகளை அதட்டுகிற சொல். பஸ்ஸில் இருந்த நாங்கள் எல்லோரும் பெரியவர்கள்.