பூபாலன் கோல்ஃப் ஆடப் போன மூன்று நாள்

பூபாலனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், அவன் தன் ஷூவைத் தானே துடைத்துக்கொள்வான். அதற்கு மேல் தேடினாலும் கிடைக்காது.

வயது நாற்பத்தேழு. நாவலூரில் கண்ணாடிச் சுவர் வைத்த அலுவலகம் ஒன்றில் மேனேஜர். பிறந்தது புதுப்பட்டினத்தை ஒட்டிய ஒரு தெருவில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். அம்மா சீக்கிரம் போய்விட்டாள். அக்கா சாராள் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போனாள். ஐஸில் விறைத்து, ஓடு கிழித்து, ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குக்கூட ஒழுங்காகக் கூப்ப முடியாத அந்த விரல்கள்தான் பூபாலனைப் பொறியியல் படிக்கவைத்தன. அலுவலகத்தில் இது ஒருவருக்கும் தெரியாது. சொந்த ஊர் எது என்று கேட்டால் சென்னை என்பான். சென்னையில் எங்கே என்று கேட்டால், "சவுத் சைடு" என்பான்.

அவனுடைய பெரிய அதிகாரி நிதின் கோல்ஃப் பிரியர். அது தெரிந்த வாரத்திலேயே பூபாலனுக்கும் கோல்ஃப் மேல் பக்தி பிறந்துவிட்டது. மொட்டை மாடியில் ஒட்டடைக் குச்சியை வீசிப் பழகினான். நிதினும் அவர் மனைவி பிரபாவதியும் விடுமுறைக்கு எங்காவது போகலாம் என்று பேச்செடுத்தபோது, முந்திக்கொண்டு எல்லா ஏற்பாடும் செய்தான். வெள்ளி, சனி மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ரிசார்ட்டில் கோல்ஃப். ஞாயிறு மாமல்லபுரம் சுற்றிப் பார்ப்பது.

அதே ஞாயிறு காலை பதினோரு மணிக்கு, சாராளின் ஒரே மகள் சிநேகாவுக்கு நிச்சயதார்த்தம். தேதியை அக்கா இரண்டு மாதம் முன்பே சொல்லியிருந்தாள். அவர்கள் குடும்பத்தில் பெண் வீட்டுத் தட்டைத் தாய்மாமன்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவன் வந்து நிற்காவிட்டால், கேட்பார் இல்லாத பெண் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். பூபாலன் என்ன செய்தான்? சிங்கப்பூரில் மீட்டிங் என்று அக்காவிடம் சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை ஆட்டம் ஆரம்பமானது. அங்கே ஆடுகிறவரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்க ஒரு ஆளைத் தருவார்கள். தொப்பி, வெயிலுக்கு முகத்தைச் சுற்றிய துண்டு, மார்பில் ஒரு எண். பூபாலனுக்கு வந்தவர் பதினாலாம் எண். "பதினாலு, தண்ணி." "பதினாலு, பந்து எங்க?" ஆறு குழி வரை இப்படியே போனது. ஒருமுறைகூட அவர் முகத்தை அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், அந்தத் துண்டுக்கு மேலே இருந்த கண்கள் தன் அக்காள் புருஷன் சின்னராசுவின் கண்கள் என்று தெரிந்திருக்கும். சின்னராசு ஏதோ ரிசார்ட்டில் வேலை பார்க்கிறார் என்பது வரை பூபாலனுக்குத் தெரியும். எந்த ரிசார்ட் என்று கேட்கத் தோன்றியதில்லை.

சின்னராசு ஏன் சும்மா இருந்தார்? அவர் வெள்ளை மனசுக்காரர். மச்சான் வெளிநாட்டிலிருந்து சீக்கிரமே திரும்பிவிட்டான், ஞாயிற்றுக்கிழமை திடீரென்று வந்து நின்று அக்காவை அழவைக்கப் போகிறான் என்று நம்பி, துண்டுக்குள்ளே சிரித்துக்கொண்டே பை தூக்கினார்.

ஏழாவது குழிக்குப் பக்கத்தில் பூபாலனின் போன் அடித்தது. சாராள்.

"தம்பி, எங்க கீற?"

"சிங்கப்பூர்லதான்க்கா."

"அங்க இன்னா டைம் இப்போ?"

"சாயங்காலம்" என்றான். இங்கே காலை பத்து மணிகூட ஆகவில்லை; சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம்தான் முந்தி என்றுகூடத் தெரிந்து வைத்துக்கொள்ளாத பொய்.

"ஒரே ஒரு நாளு வந்துட்டுப் போடா. உன் கையால தட்டு குடுக்கலன்னா எம்பொண்ணு தலகுனிஞ்சி நிக்கும்."

"பிளைட் இல்லக்கா. வெக்கிறேன், கூப்பிடறாங்க."

போனை வைத்துவிட்டு, திரும்பாமலே கையை நீட்டினான். "பதினாலு, அந்தச் சின்ன மட்டை."

மட்டை கைக்கு வந்தது. "இந்தா மச்சான். சிங்கப்பூர்ல வெயிலு ஜாஸ்தியா கீது. தொப்பிய எறக்கி வுட்டுக்கோ."

மனிதனாகப் பிறந்தவன் அந்த இடத்தில் காலில் விழுந்திருப்பான். பூபாலன் முதலில் பார்த்தது சின்னராசுவை அல்ல, நிதினை. அவர் காதில் விழுந்துவிட்டதா என்றுதான்.

"மாமா, அக்காகிட்ட சொல்லிடாதீங்க" என்றான் பல்லுக்கு நடுவே.

"நான் இன்னாத்துக்குச் சொல்லப்போறேன்? ஞாயித்துக்கெழம காலையில அரை மணி நேரத்துல வந்துடலாம். ஏர்போர்ட்லேருந்து நேரா வந்தேன்னு சொல்லிக்கோ. நானும் ஆமான்னுட்றேன்."

தப்பிக்க வழியும் போட்டு, அந்தப் பாவத்தில் பங்கும் எடுத்துக்கொள்ள ஒரு மனிதர் முன்வருகிறார். பூபாலன் தலையாட்டினான். என்ன பேச்சு என்று நிதின் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல சார், பந்து எங்க விழுந்துச்சுன்னு சொல்றான்" என்றான்.

ஞாயிறு காலை பத்தரை மணி. மாமல்லபுரத்தில் அந்தப் பெரிய உருண்டைப் பாறைக்குக் கீழே நின்று, பாறையைத் தாங்குவதுபோல் கையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான் பூபாலன். நிதின் தம்பதி சிரித்தார்கள். பிரபாவதி சாதாரணமாகத்தான் கேட்டாள், "இந்தப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல மேடம்."

சொல்லிவிட்டு மூன்று இளநீர் வெட்டச் சொன்னான்.

புதுப்பட்டினத்தில் சர்ச் ஹாலில் மணி பதினொன்று இருபது. மதுராந்தகத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டார், "தாய்மாமன் எங்கம்மா?" சின்னராசு வாசலுக்கும் மேடைக்கும் நடந்து களைத்து, கடைசியில் மனைவியிடம் வந்தார்.

"சாரா, அவன் வரமாட்டான். மகாபலிபுரத்துலதான் கீறான். வெள்ளிக்கெழமேலேருந்து அவன் பைய நான்தான் தூக்கிக்கினு கெடந்தேன்."

சாராள் அழவில்லை. புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன்னிய வெயில்லயா நிக்க வெச்சான்?" என்றாள்.

பிறகு புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மேடைக்குப் போனாள். பூவும் பழமும் வெற்றிலையும் வைத்த தட்டைத் தானே தூக்கினாள்.

"பொம்பளை எடுத்துக் குடுக்கிற வழக்கமில்லையேம்மா" என்றார் பெரியப்பா.

"வழக்கப்படி குடுக்கவேண்டியவன வளத்ததும் இந்தக் கைதான்யா. இதுல வாங்கிக்க மனசில்லன்னா இப்பவே சொல்லிடுங்க, கீழ வெச்சுட்றேன்."

ஓடு கிழித்த தழும்புகள் தட்டின் விளிம்பில் தெரிந்தன. மாப்பிள்ளையின் அம்மா எழுந்தாள். பெரியப்பாவைத் தாண்டி வந்தாள். இரண்டு கையாலும் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சிநேகா அப்போதுதான் நிமிர்ந்தாள்.

மதியம் பூபாலன் போன் செய்தான். எடுத்தது சிநேகா.

"நல்லபடியா முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது மாமா. கல்யாணப் பத்திரிகையில தாய்மாமன் பேரு போடற எடத்துல அம்மா பேரையே போடச் சொல்லிட்டாங்க. உங்க பேரு வராது."

அக்காவைப் பற்றியோ, மருமகளின் மனசைப் பற்றியோ அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் பேரும் ஊரும் சேர்த்து அச்சான ஒரு பத்திரிகை என்றைக்காவது நாவலூருக்கு வந்துவிடுமோ என்று இரண்டு மாதமாகப் பயந்து கிடந்தவன், நிம்மதியாக மூச்சு விட்டான்.