கண்ணாடிமேல் கறுப்புத் துணி

எஃப்ரெயிம் லட்லோவுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. பால்டிமோர் துறைமுகத்தில் சிப்பிப் படகுகள் ஒதுங்கும் பலகை மேடையில், மழை பனி எதுவும் பாராமல் நடப்பார். நாற்பது வயதுக்குள் ஐந்து பத்திரிகைகள் அவரை வேலைக்கு வைத்துப் பார்த்து, ஐந்தும் வெளியே அனுப்பிவிட்டன. இரண்டுக்குக் காரணம் விஸ்கி, மூன்றுக்கு அவருடைய வாய். எழுதியதெல்லாம் கல்லறை, பாழடைந்த மாளிகை, வெளிறிய மணப்பெண். ஊர் பயந்து பயந்து வாங்கிப் படித்தது. எழுதியவர் வீட்டில் அடுப்பெரிய விறகு இருக்கிறதா என்று எந்த மகராசனும் கேட்கவில்லை.

அவர் கையெழுத்தோ கோழி கிளறியதுபோல் இருக்கும். அச்சுக் கோப்பவர்கள் கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் மனைவி தெர்ஸாதான் எல்லாவற்றுக்கும் நல்ல பிரதி எடுத்துக் கொடுப்பாள். அந்தக் குளிர்காலத்தில் அவளுக்குக் காசநோய், கைக்குட்டையில் இரத்தம். அந்த நேரம் பார்த்து இவர் எழுதத் தொடங்கிய கதை என்ன தெரியுமா? காசநோயில் சாகும் ஒரு மனைவியின் கதை. வேண்டுமென்று எழுதவில்லை, பாவம். பேனாவை எடுத்தால் அதுதான் வந்தது. அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று தாள்களைக் கரித்தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

சாவு விழுந்த வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மூடுவது அந்த ஊர் வழக்கம். கதையில் அந்தக் காட்சி மட்டும் அவருக்கு வசப்படவில்லை. துணி எப்படி விழும், அறை எவ்வளவு இருளும் என்று நேரில் பார்த்தாக வேண்டும். ஒரு மத்தியானம் தெர்ஸா உள்ளே தூங்கிக்கொண்டிருக்க, தன் தாயின் சாவுக்கு வாங்கிய கறுப்புத் துணியை எடுத்து முன்னறைக் கண்ணாடிமேல் போட்டார். பார்த்தார், எழுதினார், கால் பரபரத்தது, நடக்கப் போய்விட்டார். துணியை எடுக்க மறந்துவிட்டுப் போன மனிதரை என்னவென்று திட்டுவது?

எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரி திருமதி ஓபெர்மான் ஜன்னல் வழியே அதைப் பார்த்துவிட்டாள். கண்ணாடி கறுப்புப் போர்த்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வேகவைத்த பன்றித்தொடையும் இஞ்சிக் கேக்கும் எடுத்துக்கொண்டு, அழுதபடியே வந்து கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தது தெர்ஸா.

எஃப்ரெயிம் திரும்பி வந்தபோது இரண்டு பெண்களும் கேக் தின்றுகொண்டிருந்தார்கள். தெர்ஸாவின் மடியில் அந்தத் தாள்கள். அவர் எதை எங்கே ஒளிப்பார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

“என்னச் சாகடிச்சதுகூடப் பரவாயில்ல,” என்றாள். “ஒரு வார்த்தை பேச விடாமச் சாகடிச்சிருக்கீங்களே. நான் என்னைக்கு வாய மூடிக்கிட்டு இருந்தேன்?”

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“அழாதீங்க. கடைசி வரிக்கு மட்டும் இடம் விட்டுப் பிரதி எடுத்து வைக்கிறேன். நேரம் வரும்போது சொல்றேன், எழுதிக்கோங்க. பக்கத்துல மட்டும் இருங்க.”

இருபது நாள் அவர் அவள் கட்டிலின் பக்கத்தை விட்டு நகரவில்லை. கால் பரபரத்தது, விரல்கள் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டே இருந்தன, ஆனாலும் இருந்தார். இருபத்தோராம் நாள் காலை அவள் அயர்ந்து தூங்கினாள். திருமதி ஓபெர்மானை உட்கார வைத்துவிட்டு, பலகை மேடைவரை ஒரு நடை போனார். கால்மணி நேரம்தான். திரும்பியபோது கண்ணாடி மூடியிருந்தது.

ஏதாவது சொன்னாளா என்று கேட்டார்.

“கண்ணத் தொறந்தா,” என்றாள் திருமதி ஓபெர்மான். “‘அவர் வந்துட்டாரா’ன்னு கேட்டா. அவ்வளவுதான்.”

அவளுடைய அழகான எழுத்துக்குக் கீழே, தன் கிறுக்கலை முடிந்தமட்டும் திருத்தி, அந்த வார்த்தைகளையே கடைசி வரியாக எழுதி அனுப்பினார். பத்திரிகை ஆசிரியர் கதையைப் புகழ்ந்து தள்ளிவிட்டு, முடிவு மட்டும் சப்பென்று இருக்கிறது, சாகிறவள் கவித்துவமாக ஏதாவது சொல்லட்டும் என்று திருப்பி அனுப்பினார். ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக முழுக் கதையையே மாற்றிக் கொடுத்தவர்தான் எஃப்ரெயிம். இந்த வரியில் கை வைக்கவில்லை. அந்தக் கதை கடைசிவரை அச்சேறவும் இல்லை.