குமராட்சிப் பக்கம் ஒரு வகுப்பும் இருபத்து மூன்றாவது நாற்காலியும்

போன நவம்பரில் ஒரு வியாழக்கிழமை விடுப்பு போட்டுவிட்டுக் கடலூரிலிருந்து சிதம்பரம் வழியாகக் குமராட்சிப் பக்கம் போய்வந்தேன். சிதம்பரம் என்றாலே கோயிலுக்கா என்றுதான் கேட்பார்கள். நான் போனது ஒரு நாலாம் வகுப்பைப் பார்க்க. கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். நாற்பத்தொரு பிள்ளைகள். அவர்கள் போடும் கூச்சலில் மீன் மார்க்கெட் தோற்றுப்போகும். அரையாண்டுக்குள் பிள்ளைகள் நாலு வாக்கியமாவது ஆங்கிலத்தில் பேசாவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பை நம்பி உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியமில்லை.

ஒரு பயிற்சி முகாமில் பழக்கமான செல்வி டீச்சர்தான் போனில் கூப்பிட்டார். "எங்க புள்ளைங்க சண்டையே இங்கிலீஷ்லதான் போடுதுங்க. ஒருநாள் வந்து பாருங்க டீச்சர்." குரலில் பெருமையைக் காணோம். அப்போது அதை நான் கவனிக்கவில்லை.

காலை 6.40க்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் பஸ். சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், 38 ரூபாய். அங்கிருந்து மினி பஸ்ஸில் நாற்பது நிமிடம், 15 ரூபாய். இறங்கிய இடத்திலிருந்து பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபாய். மழை விட்டிருந்தது, இரண்டு பக்கமும் வயல் முழுக்கத் தண்ணீர்.

"அந்த ஸ்கூலுக்காக்கா? அங்க சத்தமே கேக்காது" என்றார் ஆட்டோக்காரர்.

நல்லதுதானே என்றேன்.

"நல்லதுதான். ஆனா புள்ளைங்க இருக்குற எடத்துல கொஞ்சமாவது சத்தம் வரணும்லக்கா."

பொறாமைதான் வந்தது எனக்கு. பள்ளிக்குள் நுழையும்போது மணி 9.15. வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள், சின்னச் சின்ன பிளாஸ்டிக் நாற்காலிகள். ஜன்னலோரம் ஒன்று காலியாக இருந்ததால் அதன் முதுகில் என் கைப்பையை மாட்டினேன். வகுப்பு அப்படியே உறைந்தது. ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்து, "மிஸ், ரோஸி இஸ் சிட்டிங் தேர்" என்றாள். பையை எடுத்துக்கொண்டேன். அவள் காலி நாற்காலியைப் பார்த்து எனக்காக "சாரி" சொன்னாள்.

விஷயம் இதுதான். ஜூன் மாதம் செல்வி டீச்சர் பிள்ளைகளிடம் புதுசாக ரோஸி என்று ஒருத்தி சேர்ந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவள் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டாள், அவளுக்குத் தமிழும் தெரியாது. தினமும் இரண்டு பேர் அவளிடம் வீட்டுக்கதை சொல்ல வேண்டும். தப்பாகப் பேசினால் மற்றவர்கள் சிரிப்பார்கள், ரோஸி சிரிக்க மாட்டாள். அதனால் கூச்சமே இல்லாமல் பேசுகிறார்கள். சத்தம் கூடினால் டீச்சர் அதட்டுவதில்லை. அந்த நாற்காலியைப் பார்த்து மெதுவாக, "சாரி ரோஸி" என்பார். வகுப்பு கப்சிப். நோட்டுப் புத்தகத்தில் நாலு பக்கம் எழுதிக்கொண்டேன். வேலை தப்பித்தது என்றே நினைத்தேன்.

மதியம் சத்துணவில் முட்டை. ஒரு பையன் தன் முட்டையை ரோஸியின் தட்டில் வைத்தான். தினம் ஒருவர் முறை வைத்துக் கொடுக்கிறார்களாம். எல்லோரும் கை கழுவிவிட்டு வந்தபோது தட்டு காலியாக இருந்தது.

"யாரு சாப்புடறாங்கன்னு நான் பாக்கறதே இல்ல டீச்சர்" என்றார் செல்வி டீச்சர். "வெளையாட்டாத்தான் ஆரம்பிச்சேன். தீவாளிக்கு ரோஸி ஊருக்குப் போறான்னு சொல்லிப் பாத்தேன். அவ போவ மாட்டாளாம், எங்கிட்டயே சொல்றாங்க. எப்பப் போவான்னு மொத நாளே சொல்லியிருக்கணும், வுட்டுட்டேன். இப்பல்லாம் சாயங்காலம் கதவ சாத்தறதுக்கு முன்னாடி, அவ வெளிய வரட்டும்னு நானே நிக்கறேன்."

நான் சாப்பாட்டைப் பாதியிலேயே மூடிவைத்தேன்.

பிற்பகலில் பிள்ளைகளிடம் என் வகுப்பைப் பற்றிச் சொன்னேன்: கடலூரில் நாற்பத்தொரு பேர், ஒருத்தருக்கும் ஆங்கிலத்தில் வாயே திறக்காது. அவர்கள் அந்த நாற்காலியைச் சுற்றிக் கூடிக் கிசுகிசுத்தார்கள். 4.10க்கு நான் கிளம்பியபோது மொத்த வகுப்பும் வாசலுக்கு வந்தது. "பை ரோஸி, பை ரோஸி" என்று கை காட்டினார்கள். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் என் இடது பக்கம், இடுப்பு உயரத்தில் இருந்தது.

"ஸ்பீக் ஸ்லோலி, ரோஸி. தே ஆர் ஸ்கேர்டு" என்றாள் ரெட்டைச் சடைக்காரி.

செல்வி டீச்சர் என் கையைப் பிடித்து, "மன்னிச்சிக்குங்க டீச்சர்" என்றார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய், ஒரு நொடிகூட நிற்காமல் வகுப்புக் கதவைச் சாத்தினார்.

சிதம்பரத்தில் 5.20 பஸ்ஸில் செம கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேர் நின்றார்கள். கடலூர் வரைக்கும் என் பக்கத்து சீட்டில் யாருமே உட்காரவில்லை. உட்காரச் சொல்லி நானும் யாரையும் கூப்பிடவில்லை.

மறுநாள் என் வகுப்பில் ஜன்னலோரம் ஒரு காலி நாற்காலியைப் போட்டேன். அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, வருகைப் பதிவு முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். நாற்பத்தொரு பேரும் கப்பென்று அடங்கினார்கள். என்னிடம் இதுவரை ஒரு ஆங்கில வார்த்தைகூடப் பேசாத முதல் வரிசைப் பையன் கேட்டான்: "மிஸ், வாட் இஸ் ஹர் நேம்?"

சந்தோஷத்தில் அழுகை வந்தது. கூடவே செல்வி டீச்சர் முதல் நாளே சொல்லாமல் விட்டது ஞாபகம் வந்தது. முதல் வேலையாக, அவள் ஏப்ரலில் ஊருக்குப் போய்விடுவாள் என்று சொன்னேன். பையன் நாற்காலிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஷீ இஸ் ஷேக்கிங் ஹர் ஹெட், மிஸ்" என்றான்.

அரையாண்டில் நாலு என்ன, ஆளுக்குப் பத்து வாக்கியம் பேசினார்கள். வேலை நிலைத்தது. சாயங்காலம் கதவைச் சாத்துவதற்கு முன் இப்போது நானும் கொஞ்சம் நிற்கிறேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: போகவர மொத்தம் 146 ரூபாய், ஒரு ஆளுக்கு. குடையும் சாப்பாடும் கொண்டுபோங்கள். ஆனால் இப்போது அவ்வளவு தூரம் போவது வீண். அந்த வகுப்பு பழையபடி ஒரே கூச்சலாம், செல்வி டீச்சர் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னார். கடலூருக்கே வாருங்கள், என் வகுப்பைப் பாருங்கள். உங்கள் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை என்பதை என் வகுப்புப் பிள்ளைகளிடம் தாராளமாகச் சொல்லுங்கள். ஜன்னலோர நாற்காலியில் பையை மாட்டினாலும் நான் தடுக்க மாட்டேன்.