வலை குடோனில் டப்ஸ்டெப்

ராயபுரத்தில், துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் எனக்கு வேலை. திருவொற்றியூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய் வருகிற நேரத்தில்தான் டப்ஸ்டெப் கேட்கப் பழகினேன். லண்டனில் பிறந்த எலெக்ட்ரானிக் இசை. பெரும்பாலும் பாட்டு வரிகளே கிடையாது. தாளம் தயங்கித் தயங்கி நடக்கும்; அதற்குக் கீழே பேஸ் என்கிற அடித்தொனி உறுமும், சுருளும், புரளும். எல்லாம் மெல்ல ஏறிக்கொண்டே வந்து, சட்டென்று நின்று, பிறகு மொத்தமாக இடிந்து விழும். அப்படி விழுவதற்கு டிராப் என்று பெயர். வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை.

போனில் இருந்த ஒரு ரசிகர் குழுவில் எங்கள் பக்கத்து ஆட்கள் மூன்று பேர் கிடைத்தார்கள். புழலிலிருந்து ஒரு நர்ஸ். வண்ணாரப்பேட்டையில் போன் கவர் கடை வைத்திருக்கும் ஒரு பாய். துறைமுக வாசலில் வரிசையில் காத்திருக்கும்போதெல்லாம் வண்டிக்குள் பாட்டுப் போட்டுக் கேட்கும், புளியந்தோப்பைச் சேர்ந்த ஒரு டிரெய்லர் டிரைவர். எது உண்மையான டப்ஸ்டெப் என்று எங்களுக்குள் தினமும் சண்டை. ஒருநாள் டிரைவர் ஒரு குரல் செய்தி அனுப்பினார்: "எல்லாம் இயர்போன்ல கேட்டுகினு சண்ட போட்றோம். ஒரு தபா பெரிய பாக்ஸ்ல கேட்டுட்டு அப்பால பேசலாமா?"

எனக்கு உடனே சித்தப்பா ஞாபகம் வந்தது. கல்யாணம், கோயில் திருவிழா, சாவு என்று எல்லாவற்றுக்கும் சவுண்ட் சர்வீஸ் செய்பவர். அது மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் அவருடைய தோஸ்து ஒருவரின் வலை குடோன், வலைகளெல்லாம் பழுதுபார்க்க வெளியே போயிருந்ததால், காலியாகக் கிடந்தது. புதிதாக வாங்கிய பேஸ் பாக்ஸ்களைத் திருவிழாவுக்கு முன்னால் ஓட்டிப் பார்க்க அவருக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல். தகரக் கூரைக்குக் கீழே அனல். மூன்று பேரையும் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஐந்து நிமிடம் கூச்சமாக நின்றுவிட்டு, முதலில் நர்ஸ் தன் போனை நீட்டினார். அவருக்குப் பிடித்தது மெலடி கலந்த வகை. பியானோ போல ஒன்று நெடுநேரம் ஒலித்தது.

"இன்னாம்மா, பாடறவன் எப்போ வருவான்?" என்றார் சித்தப்பா.

"யாரும் வரமாட்டாங்க சித்தப்பா," என்றேன்.

"அப்போ இன்னாத்துக்கு இவ்ளோ..."

டிராப் விழுந்தது. அவர் வாய் திறந்தபடி நின்றது.

அந்தப் பாட்டை நானும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் அதற்கு அடியில் இன்னொரு பாட்டே ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. இயர்போனுக்கு எட்டாத ஆழத்தில் ஒரு பேஸ் மெதுவாக நடந்து போனது. அது காதுக்கு வரவில்லை; நெஞ்செலும்புக்கு வந்தது. கூரையிலிருந்து துரு பொடிப்பொடியாக எங்கள் தலையில் கொட்டியது. யாரும் தட்டிவிடவில்லை.

அடுத்து பாய் போட்டது பழைய வகை. நிறைய வெற்றிடம், நடுநடுவே தூரத்தில் ஒரு சத்தம், கீழே ஆழம் மட்டும். கண்ணை மூடிக்கொண்டேன். குடோன் பெரிதாகிக்கொண்டே போவதுபோல இருந்தது. அப்போதுதான் நர்ஸ் என் கையைப் பிடித்து இழுத்தார். "அங்க பாருங்க!"

மூலையில் ஒரு ஐஸ் டிரம். அதன் தகர மூடியில் காய்ந்த மீன் செதில்கள் ஒட்டாமல் கிடந்தன. பேஸ் வரும்போதெல்லாம் அவை எழுந்து நகர்ந்து, வளைவு வளைவாக வரிசை கட்டின. சத்தம் மாறியதும் கலைந்து வேறு கோலம் போட்டன. வாசலிலிருந்து வந்த வெயிலில் ஒவ்வொன்றும் மினுங்கியது. நாங்கள் நால்வரும் டிரம்மைச் சுற்றிக் குனிந்து நின்றோம். கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தோம்.

டிரைவரின் முறை வந்தது. அவருடையது முரட்டு வகை. இரும்பை இரும்பால் அறுப்பதுபோல. செதில்கள் கோலம் போடவில்லை, மூடியை விட்டே துள்ளிப் பறந்தன. "பாத்தீங்களா!" என்று அவர் கத்தியது வாயசைவில்தான் தெரிந்தது.

அந்த நேரத்தில் ஓர் அம்மாள் முந்தானையில் எதையோ வாரிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். பக்கத்துச் சந்தில் கருவாடு காயவைப்பவர்.

"யோவ், இன்னாய்யா இது! இடி இடிக்கிதே, மழ வரப்போவுதுன்னு கருவாட்டெல்லாம் அள்ளிகினு வரேன். வெளிய வெயிலு கொளுத்துது!"

சித்தப்பா பாட்டை நிறுத்தி மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மாள் போகவில்லை. பாக்ஸை மேலும் கீழும் பார்த்தார். "நிறுத்திட்ட? போடு, கேப்போம்."

பாய் தன்னுடைய ஆழமான பாட்டை மறுபடி போட்டார். அந்த அம்மாள் கருவாட்டை ஒரு சாக்கில் கொட்டிவிட்டு, பாக்ஸின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு முழுதும் கேட்டார். முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"இத்த எத்தினி பேரு சேந்து வாசிச்சாங்க?"

"ஒருத்தர்தான்மா," என்றேன். "ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர்லயே பண்ணுவாங்க."

"ஒருத்தனா? தனியாவா?"

"ஆமா."

அவர் என்னை நம்பாமல் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பாவும் அதைக் கேட்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு ரூமுக்குள்ள இம்மாம் பெருசு எப்டிடா கொள்ளும்!" என்றார் அந்த அம்மாள்.

எது உண்மையான டப்ஸ்டெப் என்ற சண்டை அன்று நடக்கவில்லை. சாயங்காலம் வரை ஒருவர் மாற்றி ஒருவர் போட்டுக்கொண்டே இருந்தோம். சித்தப்பா ஒவ்வொரு டிராப்புக்கும் முன்னால் பாக்ஸ்களுக்கு இன்னும் கொஞ்சம் அருகில் போய் நின்றுகொண்டார்.