பன்றி வண்டிக்குத் திறக்கிற கேட்

ஒரகடத்தில் தொழிற்சாலை கேன்டீனில் சோறு போடுகிறவள் கண்ணில் பசி படவே படாது என்று வெளியே நினைக்கிறார்கள். கரண்டி பிடித்த சக பாவிகளே, உங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது தட்டு

மாரி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒயரிங் லைனில் ஒப்பந்த வேலை. வாரமெல்லாம் கொறிப்பவள், அந்தச் சனிக்கிழமை மூன்றாம் முறையாகத் தட்டை நீட்டினாள். எனக்குத்தான் மூக்கு நுனியில் கோபமாயிற்றே! "இன்னாமா, இது வயிறா, அண்டாவா?" என்றேன். அவள் ஹாஸ்டலில் சமைக்க விடமாட்டார்கள். கடையில் சாப்பிட்டால் ஊருக்கு அனுப்புவது குறையும். கூச்சமே இல்லாமல் சொன்னாள்: "நாளைக்கு லீவுல்லாக்கா? நாளைக்கும் சேத்துத் திங்கேன்."

கப்பல்

எங்கேயோ கடலில் சண்டையாம், உதிரிபாகம் ஏற்றிய கப்பல் ஊரைச் சுற்றி வருகிறதாம். இங்கே மாரியின் லைன் நின்றது. நிரந்தர ஆட்களுக்கு லைன் நின்றாலும் சோறு உண்டு. ஒப்பந்த ஆளுக்கு டூட்டி இல்லையென்றால் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். வேறு லைனில் கூப்பிடுவார்களோ என்று மாரி தினமும் வந்து வெளியே நின்றாள். முகம் ஒட்டிப்போயிருந்தது. அவளுடைய சூப்பர்வைசரிடம் சண்டைக்குப் போனேன். அவர் குன்றத்தூர்க்காரர், வாய் சும்மா இருக்காது. "கப்பல் வந்தா சோறு வரும்க்கா. நான் இன்னா, கடல்லயா குந்திகினு கீறேன்?"

சாம்பார் சாதம்

லைன் நின்றும் சமையல் அளவை மட்டும் யாரும் குறைக்கச் சொல்லவில்லை. அண்டா அண்டாவாக மிஞ்சியது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் டப்பாவில் சாம்பார் சாதத்தை அடைத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். கம்பிக்கு அந்தப் பக்கம் மாரி கையை நீட்டியே விட்டாள். செக்யூரிட்டி நடுவில் புகுந்து டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார். வெளியே போன சோறு யார் வயிற்றையாவது கெடுத்தால் கம்பெனிக்கு வம்பாம்.

அப்போது பின்னால் ஹாரன் சத்தம். வாலாஜாபாத் பன்றிப் பண்ணை வண்டி, அதே சாம்பார் சாதம் டிரம் டிரம்மாக. கேட் அகலத் திறந்தது. மாரி ஒதுங்கி வழிவிட்டாள். ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. செக்யூரிட்டி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அதுக்கு பாஸ் கீதும்மா."

உலகத்தில் பசி ஏன் தீரவில்லை என்று யாராவது ஆராய்ச்சி செய்தால், அவரை எங்கள் கேட்டுக்கு வெளியே ஒருநாள் நிற்கச் சொல்லுங்கள், மாரி ஊருக்கே திரும்பிப் போய்விட்டாள், அவள் நின்ற இடம் இப்போது காலியாகத்தான் இருக்கிறது.