குனிந்தால் நிற்கும் எஞ்சின்

கடந்த ஆண்டு பங்குனி மாதத்துக் காலையொன்று. இலங்கையின் அட்டனுக்கு அண்மையில், தேயிலை மலைகளின் நடுவே உள்ள ஒரு ரயில் நிலைய முற்றம். என் மனைவி காலமாகி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. மின்னணுவியல் கற்பித்து ஓய்வுபெற்ற என்னை வீட்டைவிட்டு வெளியே வரச்செய்த முதல் வேலை அது.

பெட்டிகளைத் தள்ளிச் சென்று இணைக்கும் பழைய ஷண்டிங் எஞ்சின் ஒன்றில், வானொலி அலைகளால் இயங்கும் கருவியைப் பொருத்தியிருந்தேன். கட்டுப்பாட்டுப் பெட்டியை மார்பில் கட்டிக்கொண்டு, கீழே நின்றபடியே எஞ்சினை ஓட்டலாம். ஓட்டவிருந்தவர் முப்பது ஆண்டுகளாக அதே முற்றத்தில் பெட்டி கோப்பவர். முழங்கால் தேய்ந்து, எஞ்சின் படியேற இயலாதவராகியிருந்தார். பதினொரு மணிக்குக் கொழும்பிலிருந்து அதிகாரிகள் வருவார்கள். ஓடிக் காட்டினால் அவருக்கு வேலை நிலைக்கும். இல்லையேல் கருவி கொழும்புக்கு, அவர் வீட்டுக்கு.

இரண்டு வாரம், எஞ்சினுக்குப் பதில் மேசைமேல் விளக்குகளை எரியவைத்து அந்தப் பெட்டியை இயக்கப் பழகியிருந்தார். மெய்யான எஞ்சினுடன் ஒத்திகை அன்று ஒன்பது மணிக்குத்தான். நான் எஞ்சினுக்குள் ஏறி, அலைவாங்கியின் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். சக்கரம் உருண்டது. இரண்டடி போனதும் பிரேக் விழுந்தது. மறுபடியும் அப்படியே. ஆன்டெனாவை மாற்றினேன், மின்கலத்தை மாற்றினேன், பனிமூட்டத்தையும் சந்தேகித்தேன்.

"என் கை சரியாத்தான் அமுக்குதுங்க சார்" என்றார் கீழேயிருந்து, அழாத குறையாக.

பத்தரை மணிக்கு அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்தார். மேடையில் அமர்ந்து இருமுறை பார்த்தவர், என்னை அழைத்தார். "எஞ்சினுக்கு ஒண்ணுமில்லீங்க சார். இந்த மனுசன் குனிஞ்சு மண்ணத் தொட்டுக் கும்பிடுறாரு. கும்பிட்ட ஒடனே அது நிக்குது."

"சும்மா இரு புள்ள. முப்பது வருசமா சக்கரம் உருண்டதும் கும்பிடுறேன். எந்த எஞ்சின் நின்னுச்சு?"

"அதெல்லாம் ஒங்க நெஞ்சுலயா தொங்குச்சு?"

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அணிந்திருப்பவர் மயங்கி விழுந்தால் ஆபத்து என்று, மார்பிலுள்ள பெட்டி சாய்ந்த கணமே எஞ்சின் நிற்கும்படி அமைத்தவன் நானேதான். விழுபவரை எண்ணிப்பார்த்த நான், வணங்குபவரை எண்ணிப்பார்க்கவில்லை.

"உருள்வதற்கு முன்பே கும்பிடுங்களேன்" என்றேன்.

"உருண்டாத்தானே சார் நன்றி சொல்லணும்?"

அதற்கு அவருடைய மனைவி வழி சொன்னார். "சாருக்குத்தான் நெஞ்சுல ஒண்ணும் தொங்கலியே. சார் கும்பிடட்டும்."

என் மனைவியின் இறுதிச்சடங்கிற்குப் பின் நான் எங்கும் கைகூப்பியதில்லை. ஆனாலும் சரியென்று தலையாட்டினேன்.

அதிகாரிகள் வந்தார்கள். சக்கரம் உருண்டது. நான் குனிந்து, ஈரச் சரளைக்கல்லைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டேன். எஞ்சின் நிற்கவில்லை. முற்றத்தின் மறுமுனை வரை ஊர்ந்துபோய், நின்றிருந்த பெட்டிகளோடு மெல்லக் கோத்துக்கொண்டது.

"இயக்குபவர் விழுந்துவிட்டால் என்ன ஆகும்?" என்று ஓர் அதிகாரி கேட்டார்.

அதற்காகவே காத்திருந்தவர்போல், நம்மவர் எஞ்சினை மீண்டும் நகர்த்திவிட்டு ஆசைதீரக் குனிந்து கும்பிட்டார். அது அந்த இடத்திலேயே நின்றது. அதிகாரி திருப்தியோடு குறித்துக்கொண்டு, நான் எதற்காகக் குனிந்தேன் என்று விசாரித்தார். இயக்கும் முறையில் அதுவும் ஒரு படி என்றேன். மேடையிலிருந்து அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து மாதங்களுக்குப் பிறகு கேட்ட என் சிரிப்பு, எனக்கே யாருடையதோ போலிருந்தது.

அவர் இன்றும் அதே முற்றத்தில் எஞ்சின் ஓட்டுகிறார். கருவியில் பழுது எதுவுமில்லை. ஆயினும் மாதம் ஒருமுறை அதைப் பார்க்கப் போகிறேன். சக்கரம் உருண்டதும் குனிகிறேன். நன்றி சொல்ல எனக்கு இன்னும் ஏதோ மீதமிருக்கிறது என்பதை, அந்தச் சரளைக்கல்லைத் தொடும்போதெல்லாம் உணர்கிறேன்.