மூன்று பட்டைக் கோரை

சதுப்பு நிலத்தில் நீர்மட்டம் அளப்பது அக்காவின் வேலை. இருபது வருடமாக அவள் கண்ணை நம்பியதில்லை, விரலைத்தான் நம்பினாள். தக்காளியைக்கூட உருட்டி உருட்டி வாங்குவதால் கடைக்காரர் அவளைக் கண்டாலே முகம் சுளிப்பார்.

சதுப்பில் இறங்கும் முன் எனக்குச் சொல்லித்தந்தாள்: "பாசி மெத்தை மாதிரி இருக்கும், ஆனா வேரே கிடையாது. கால வெச்சா உள்ள போயிடுவ. கோரை வேர்விட்டு நிக்கும். தண்ட உருட்டிப் பாரு, மூணு பட்டை, அதான் மூணு விளிம்பு, விரல்ல தட்டுப்பட்டா தைரியமா மிதி."

அன்று பனிமூட்டத்தில் எங்கள் பாதங்களே எங்களுக்குத் தெரியவில்லை. துணைக்குப் போன நான் அவளை ஒட்டியே நடந்தேன். அக்கா குனிந்து ஒரு தண்டை உருட்டினாள்.

"மூணு பட்டை. வா."

அவள் அந்தப் புதரில் ஒரு காலை வைத்தாள். தடுமாறிய நான் அதே கோரையைப் பற்றினேன். அது கையோடு வந்துவிட்டது. அதன் வேர் மண்ணைத் தொடவே இல்லை, பாசியைத்தான் இறுகப் பிடித்திருந்தது.

அவளை இழுக்கக் கையை நீட்டினேன். அதற்குள் அக்கா அடுத்த காலையும் வைத்தாள்.